மலைநாட்டுக் குளிரில் ஒரு பியர் பிரிட்ஜ் ஏன் கொதிக்கிறது?

"நுவரெலியாவில இருந்துகிட்டு பியருக்கு எதுக்கு மாமா பிரிட்ஜ்? ஜன்னலைத் திறந்து வெளியில வச்சா போதாதா?" ஏப்ரல் சீசனுக்கு வரும் கொழும்புச் சொந்தக்காரர்கள் என் மாமாவிடம் தவறாமல் கேட்கும் கேள்வி இது. அந்தப் பிரிட்ஜின் ஃபேன் கைவைக்க முடியாத அளவுக்குச் சுட ஆரம்பித்தபோது, அதே கேள்வி வேறு மாதிரி வந்தது. "இவ்வளவு குளிரான ஊர்ல ஒரு ஃபேன் எப்படிச் சூடாகும்?"

இரண்டுக்கும் பதில் எழுதத்தான் இந்தப் பதிவு. முதல் கேள்விக்குச் சுருக்கமாக, இரண்டாவதற்கு விரிவாக. ஹட்டன், நுவரெலியா பக்கம் பிரிட்ஜோ, போத்தல் கூலரோ, சின்னக் கடையோ வைத்திருப்பவர்கள் கடைசி வரை வாசியுங்கள். பியர் தொடாதவர்களும் வாசிக்கலாம். பால் வைக்கும் பிரிட்ஜுக்கும் இதே ஃபேன்தான்.

குளிர் வேறு, பிரிட்ஜ் குளிர் வேறு

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 டிகிரி செல்சியஸ் அளவில்தான். ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் துகள் பனி விழுந்து கொழுந்து கருகும் ஊர். ஆனாலும் பகலில் வீட்டுக்குள் 18, 20 டிகிரி வந்துவிடும். சாதாரண லாகர் பியர் 4 முதல் 7 டிகிரியில் குடிக்கிற சாமான். ஆக, பிரிட்ஜ் தேவைதான். ஸ்டவுட் வேறு. அது 10 முதல் 13 டிகிரியில்தான் தன் வாசனையைக் காட்டும். நுவரெலியாவின் இரவுக் குளிரில் ஸ்டவுட்டைச் சமையலறையின் வெயில் படாத மூலையில் வைத்தால் போதும், பிரிட்ஜில் இடத்தை அடைக்க வேண்டாம். மாமாவுக்கு நான் முதலில் சொன்ன யோசனையே அதுதான்.

இந்த ஊருக்கும் பியருக்கும் உள்ள உறவு பழையது. 1840களின் கடைசியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் இங்கே சின்னதாக ஒரு பியர் வடிசாலை தொடங்கினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. 1881இல் சிலோன் புருவரி இங்கே வந்தது. மெஷின் வைத்துக் குளிர வைக்க வசதியில்லாத காலத்தில் பியர் காய்ச்சுபவர்கள் குளிரையும் நல்ல ஊற்றுத் தண்ணீரையும் தேடிப் போனார்கள். இரண்டும் இந்த மலையில் இருந்தன. அதற்குச் சற்று முன், 1870களில், ஜெர்மனியின் மியூனிக் நகரில் கார்ல் வொன் லிண்டே தன் குளிரூட்டும் மெஷினை ஸ்பாட்டன் பியர் ஆலைக்காகச் செய்துகொண்டிருந்தார். இன்று நம் வீட்டுப் பிரிட்ஜ்களுக்கு முன்னோடியான மெஷின்களில் ஒன்று பியருக்காகப் பிறந்தது. அந்த மெஷின்கள் பரவிய பிறகு மலைக்குளிரை நம்பியிருக்கும் அவசியம் போய்விட்டது. 1990களில் நுவரெலியாவின் பியர் தயாரிப்பும் பியகமைக்கு இறங்கிப் போனது.

மாமா வீட்டுப் பிரிட்ஜ்

மாமா வீட்டில் இருப்பது வீட்டுப் பிரிட்ஜ் இல்லை. கடைகளில் சோடா வைக்கும் கண்ணாடிக் கதவுக் கூலர். ஒரு கடை மூடியபோது பழைய சாமான் விலைக்கு வாங்கியது. மேல் தட்டுகளில் பியர், ஜிஞ்சர் பியர், கீழே யோகட்டும் பாலும். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வரும்போது நிறைந்திருக்கும். மற்ற நாட்களில் பாதி காலிதான்.

ஒருநாள் கருகிய வாடை வந்திருக்கிறது. பின்பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் கண்டென்சர் ஃபேன் சுற்றாமல் "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டு, தொட்டால் சுடும் நிலையில். மெக்கானிக் ஒருவர் வந்து புது மோட்டர் போட்டுவிட்டுப் போனார். சில வாரங்களில் புது மோட்டரும் அதே மாதிரி. எனக்குப் போன் வந்தது அப்போதுதான்.

"மாப்ள, இப்ப வர்ற சாமானெல்லாம் சரியில்ல. இன்னொரு ஃபேன் வாங்கிட்டு வந்துடு."

"மாமா, ஃபேன் பிறகு வாங்குவோம். முதல்ல பிளக்கைக் கழற்றி வைங்க. நான் வந்து பாக்குறேன்."

ஒரே இடத்தில் இரண்டு மோட்டர் கருகினால், மூன்றாவது மோட்டர் அதற்குத் தீர்வாகாது. அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

எவ்வளவு சூடு சகஜம்?

இந்த வகைக் கூலரில் இரண்டு ஃபேன் இருக்கும். ஒன்று உள்ளே, குளிர்ந்த காற்றைப் போத்தல்களுக்கு நடுவே சுற்றவிடும். மற்றது கீழே கம்ப்ரஸர் பக்கத்தில், கண்டென்சரின் சூட்டை வெளியே தள்ளும். மாமா வீட்டில் கருகியது கீழே உள்ளது.

பழைய கூலர்களில் இந்த ஃபேனைச் சுற்றுவது ஷேடட் போல் எனப்படும் மோட்டர். இரும்புத் தகடுகளை அடுக்கி, ஒரு சுருள் சுற்றி, இரு மூலையில் தடித்த செம்பு வளையம் போட்டிருப்பார்கள். கப்பாசிட்டர் இல்லை, பிரஷ் இல்லை. எளிமையானது, மலிவானது, நெடுநாள் உழைக்கும். ஒரே குறை, இழுக்கும் கரண்டில் பெரும்பகுதியைச் சூடாக்கித்தான் விடும். லேபிளில் 10 வாட் என்று போட்டிருக்கும் மோட்டர் உண்மையில் 35 வாட்டுக்கு மேல் இழுக்கும். 10 என்பது அது இலைக்குக் கொடுக்கும் சக்தி. மிச்சம் அவ்வளவும் இரும்பிலும் செம்பிலும் சூடு. அதனால் நன்றாக ஓடும் மோட்டரே 50, 60 டிகிரிக்குச் சுடும். கை வைத்தால் சில நொடியில் எடுத்துவிடுவோம். "ஃபேன் மோட்டர் சுடுது" என்று சொல்பவர்களில் பலரிடம் பழுதே இருக்காது.

பழுது எது? கருகிய வாடை, சுருளின் மேல் பூச்சு கறுத்துப்போவது, ஓடி நின்று ஆறிய பின் மறுபடி ஓடுவது, சுற்றாமல் முனகுவது. கொரோனா காலத்தில் நெற்றியில் பிடிக்க வாங்கிய வெப்பமானி வீட்டில் கிடந்தால் பயன்படுத்தலாம். உடம்பு வெப்பம் பார்க்கும் நிலையிலிருந்து பொருள் வெப்பம் பார்க்கும் நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பளபளக்கும் உலோகத்தில் அது தப்பாகக் காட்டும். மோட்டரின் இரும்பில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, டேப்பின் மேல் பிடித்தால் சரியான எண் கிடைக்கும். டேப் ஒட்டுவது பிளக்கைக் கழற்றிய பிறகு.

இப்போது இந்தப் பதிவில் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். சுற்றுகிற மோட்டரை அதன் இலையே காற்றடித்து ஆற்றுகிறது. சுற்ற முடியாமல் நின்றுவிட்டால் அந்தக் காற்று போய்விடும், இழுக்கும் கரண்டும் கூடும், அது அத்தனையும் சூடாகும். சேற்றில் டயர் புதைந்த பஸ் மாதிரி, நகராமலே கொதிக்கும். மலைநாட்டில் நான் பார்த்த சுட்ட ஃபேன்களில் பெரும்பாலானவை வேலை கூடிச் சுட்டவை அல்ல. சுற்ற முடியாமல் சுட்டவை. எனவே கேட்க வேண்டிய கேள்வி, அதைப் பிடித்து வைத்திருப்பது எது என்பதுதான்.

சமையலறைத் தட்டில் இருந்த விடை

நான் போய்ச் சேர்ந்தது விடியற்காலை. வீட்டுக்குள் 13 டிகிரி. பிளக் கழற்றியே இருந்தது. ஃபேன் இலையை விரலால் தள்ளினேன். நல்ல மோட்டர் என்றால் நாலைந்து சுற்று தானாகப் போய் நிற்கும். இது விரல் தள்ளிய தூரம் மட்டும் நகர்ந்து, அங்கேயே நின்றது. இரும்பு உரசும் சத்தம் இல்லை. மெழுகுக்குள் மாட்டியதுபோல் ஒரு இறுக்கம்.

மோட்டரைக் கழற்றி மேசைக்குக் கொண்டுவந்தேன். தண்டு, அதைத் தாங்கும் புஷ்ஷுக்குள் நுழையும் இடத்தில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. நகத்தால் சுரண்டி விரல்களுக்கிடையில் தேய்த்தால் உருகி வழுக்கியது. வாசனை பார்த்தால் தேங்காய் எண்ணெய்.

"புது ஃபேன் வந்து ரெண்டு நாள்ல கீச்சு கீச்சுனு கத்துச்சு. எண்ணெய் விட்டேன். அதுக்கப்புறம் சத்தமே இல்ல" என்றார் மாமா. பழைய ஃபேனுக்கும் அப்படித்தான் விட்டுவந்திருக்கிறார்.

அத்தை சமையலறைத் தட்டிலிருந்து எண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்து காட்டினார். உள்ளே வெண்ணெய்க் கட்டி மாதிரி உறைந்து கிடந்தது. மலைநாட்டில் எல்லோருக்கும் தெரிந்த காட்சி இது. தலைக்கு எண்ணெய் வைக்கக் காலையில் போத்தலை அடுப்போரம் வைப்பதில்லையா? தேங்காய் எண்ணெய் 24 டிகிரியை ஒட்டி உறையும். கொழும்பில் அது பெரும்பாலும் எண்ணெயாகவே இருக்கும். நுவரெலியாவில் ஆண்டின் பெரும்பகுதி அது கட்டிதான்.

இதை ஃபேனுக்குள் வைத்துப் பாருங்கள். இரவில் கம்ப்ரஸர் நின்றிருக்கும். புஷ்ஷுக்குள் எண்ணெய் உறையும். விடியற்காலையில் கம்ப்ரஸர் கிளம்பும்போது ஃபேனுக்கும் கரண்ட் போகும். தண்டு நகராது. மோட்டர் முனகிக்கொண்டு சூடாகும். அந்தச் சூட்டில் எண்ணெய் உருகும், இலை மெல்லச் சுற்ற ஆரம்பிக்கும். யாராவது வந்து பார்க்கும் நேரத்தில் ஃபேன் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த குளிர்ந்த காலையில் மறுபடியும் இதே கதை. ஒவ்வொரு தடவையும் சுருளின் பூச்சு கொஞ்சம் கொஞ்சமாக வேகும். அடுப்புப் புகையும் தூசியும் எண்ணெயோடு கலந்து பிசினாகிய பிறகு, சூட்டிலும் அது இளகாது. அன்றுதான் கருகிய வாடை வரும்.

சோதிப்பது எளிது. கழற்றிய மோட்டரின் புஷ் பக்கத்தில் வெந்நீர்ப் பையைக் கொஞ்ச நேரம் ஒற்றி வையுங்கள். குளிரில் இறுகியிருந்த தண்டு சூட்டில் இலகுவாகச் சுற்றினால், குற்றவாளி எண்ணெய்தான். சூட்டிலும் இறுக்கம் போகாவிட்டால் புஷ் தேய்ந்திருக்கலாம், துரு பிடித்திருக்கலாம், அல்லது தண்டு வளைந்திருக்கலாம். அப்போது மோட்டரையே மாற்றுவதுதான் வழி.

சமையல் எண்ணெய் எதுவும் மோட்டருக்கு ஆகாது. தேங்காய் எண்ணெய் குளிரில் உறையும், மற்றவை நாளடைவில் கோந்தாகும். துரு நீக்கும் ஸ்பிரேயும் வேண்டாம். புஷ்ஷைச் சுற்றியுள்ள கம்பளி வளையத்தில் ஊறியிருக்கும் நல்ல எண்ணெயை அது கழுவிவிடும். ஒரு நாள் சத்தம் நிற்கும், பிறகு வறண்டு தேயும். எண்ணெய் விட இடம் வைத்த மோட்டராக இருந்தால் மெல்லிய மோட்டர் எண்ணெய் இரண்டு சொட்டு. அவசரத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய் பரவாயில்லை. முழுக்க மூடிய மோட்டர் கத்த ஆரம்பித்தால் எண்ணெய் விட்டுப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான்.

மாலை ஏழு மணிக் கரண்ட்

எண்ணெய் மட்டும்தான் காரணமா என்ற சந்தேகம் எனக்குப் போகவில்லை. மாலை வரை இருந்து மல்டிமீட்டரை பிளக் பொயிண்டில் வைத்துப் பார்த்தேன். பகலில் 228 வோல்ட். ஏழு மணிக்கு 190க்கும் கீழே. நள்ளிரவில் 240ஐத் தாண்டியது.

இலங்கையில் வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட், அதில் 6 சதவீதம் கூடலாம் அல்லது குறையலாம். அதாவது 216 முதல் 244 வரை. தோட்டப் பக்கம் ட்ரான்ஸ்போமர் ஓரிடத்தில் இருக்கும், கடைசி வீடு வெகுதூரத்தில் இருக்கும். மாலையில் ஒரே லைனில் ரைஸ் குக்கர், ஹீட்டர், அயன், டிவி எல்லாம் ஒன்றாக ஏறும்போது லைனின் கடைக்கோடியில் வோல்டேஜ் இறங்கிவிடும். இதை எழுதும்போது மனது வலிக்கத்தான் செய்கிறது. பழைய லக்ஷபான மின்நிலையம் 1950இலும், விமலசுரேந்திர நிலையம் 1965இலும் ஓட ஆரம்பித்தது இந்த மலைகளின் தண்ணீரில்தான். நாட்டுக்குக் கரண்ட் கொடுத்த மலையில், லயத்துக் காம்பராக்களுக்கு விளக்கு எரிய எவ்வளவு காலம் ஆனது என்று நம் பெரியவர்களைக் கேளுங்கள். வந்த கரண்டும் இன்னும் பல இடங்களில் மாலையில் மங்கும்.

ஃபேனுக்கு இது என்ன செய்யும்? இந்த வகை மோட்டரின் திருகுவிசை வோல்டேஜின் வர்க்கத்தோடு சேர்ந்து இறங்கும். 230க்குப் பதில் 190 வந்தால் குறைவது 17 சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் திருகுவிசை 68 சதவீதமாகிவிடும். மூன்றில் ஒரு பங்கு போச்சு. புஷ் இறுகியிருக்கும் மோட்டரால் அந்த பலத்தில் கிளம்பவே முடியாது. உறைந்த எண்ணெயும் மங்கிய கரண்டும் ஒன்றுசேர்ந்துதான் மாமாவின் இரண்டு மோட்டர்களையும் தின்றிருக்கின்றன. நள்ளிரவில் வோல்டேஜ் கூடுவதும் நல்லதில்லை. 250ஐத் தாண்டினால் இரும்புக்கு மிஞ்சிய காந்தம் ஏறி, சுற்றிக்கொண்டே இருக்கும் மோட்டரும் கூடுதலாகச் சுடும்.

ஸ்டெபிலைசர் வாங்குவதென்றால் ஃபேனின் வாட்டைப் பார்த்து வாங்காதீர்கள். கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் இழுக்கும் கரண்டைத் தாங்குகிற அளவு வேண்டும். வோல்டேஜ் மிகவும் இறங்கினால் லைனைத் துண்டித்து, சில நிமிடம் பொறுத்து மறுபடி கொடுக்கும் வகையாக இருந்தால் கம்ப்ரஸரும் தப்பிக்கும்.

மெல்லிய காற்றைக் குறை சொல்லலாமா?

"உயரத்துல காத்து லேசு, அதனாலதான் ஃபேன் சூடாகுது" என்று படித்தவர்களே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நுவரெலியா உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 80 சதவீதம்தான். கொழும்பின் 28 டிகிரிக் காற்றோடு நுவரெலியாவின் 16 டிகிரிக் காற்றை ஒப்பிட்டால், ஒரே கன அளவில் இங்கே 17 சதவீதம் குறைவான காற்றுதான் இருக்கும். ஹட்டனில், 1,271 மீட்டர் உயரத்தில், குறைவது 12 சதவீதம் அளவில். ஆகவே அதே ஃபேன் இங்கே சற்றுக் குறைவாகத்தான் ஆற்றும், அது உண்மை. ஆனால் நுவரெலியாவின் காற்று கொழும்பை விட 12 டிகிரி குளிர்ந்தது. தவிர, லேசான காற்றைத் தள்ள மோட்டருக்குச் சுமையும் குறைவு. கூட்டிக் கழித்தால் மலைநாட்டு ஃபேனுக்கு லாபம்தான். உயரத்தைக் குற்றம் சொல்லி உண்மைக் காரணத்தைத் தப்பவிடாதீர்கள்.

குளிரால் வரும் உண்மையான சங்கடம் வேறு. வீட்டுப் பிரிட்ஜின் உள்பக்கம் அல்லது பின்பக்கம் ஒட்டியிருக்கும் லேபிளில் எஸ்என், என், எஸ்டி, டி என்று ஆங்கில எழுத்து இருக்கும். அந்தப் பிரிட்ஜ் எந்த அறை வெப்பநிலைக்குச் செய்யப்பட்டது என்பதை அது சொல்லும். எஸ்என் என்றால் 10 முதல் 32 டிகிரி. என் என்றால் 16 முதல் 32. எஸ்டி 16 முதல் 38. டி 16 முதல் 43. நம் நாடு போன்ற வெப்ப நாடுகளுக்கு வருவதில் பெரும்பாலானவை கடைசி இரண்டு வகை. அறை 16 டிகிரிக்குக் கீழே போனால் அவை ஒழுங்காக வேலை செய்யும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒரே தெர்மோஸ்டாட் உள்ள பிரிட்ஜில், கீழ் அறை ஏற்கெனவே குளிர்ந்திருப்பதால் கம்ப்ரஸர் கிளம்பாது. மேலே ஐஸ்கிரீம் இளகும், இறைச்சி கெடும். "பிரிட்ஜ் பழுது" என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவோம். பழுது ஒன்றும் இல்லை. இஸ்தோப்பில் இருக்கும் பிரிட்ஜை அடுப்பு எரியும் சமையலறைப் பக்கம், அடுப்புக்கு எட்டவே நகர்த்தினால் சரியாகிவிடும்.

நீண்ட நேரம் ஓடாமல் நிற்பதும் ஃபேனுக்குக் கேடு. தாழ்நிலத்தில் ஃபேன் ஓடி ஓடித் தேயும். இங்கே மூடுபனியின் ஈரத்தில் நின்று நின்று துரு பிடிக்கும்.

வேறு வீடுகளில் பார்த்தவை

பெரிய இலை. மோட்டரோடு சேர்த்து, "கூடுதல் காத்து வரட்டும்" என்று 200 மில்லிமீட்டர் இலைக்குப் பதில் 230 போட்டிருப்பார்கள். இலையின் சுமை விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறும். அதே வேகத்தில் சுற்ற வேண்டுமானால் அந்த 30 மில்லிமீட்டருக்காக மோட்டர் இரண்டு மடங்கு சக்தி கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாமல் வேகம் குறைந்து, சூடேறிக் கருகும். கழற்றிய இலையின் விட்டத்தையும் சாய்வையும் பார்த்து, அதே அளவு வாங்குங்கள்.

60 ஹெர்ட்ஸ் மோட்டர். சவூதியில் வேலை பார்த்துவிட்டு வரும்போது கொண்டுவந்த சாமான்களில் இதைப் பார்க்கலாம். லேபிளில் 220 வோல்ட் என்று இருக்கும், பக்கத்தில் 60 ஹெர்ட்ஸ் என்று இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. நம்முடையது 50 ஹெர்ட்ஸ். அந்த மோட்டரின் இரும்பில் இங்கே காந்தம் 20 சதவீதம் மிஞ்சும். மெதுவாகச் சுற்றும், கூடச் சுடும்.

பனிக்கட்டி. இது உள் ஃபேனின் வியாதி. கதவு ரப்பர் கிழிந்திருந்தால் மலைநாட்டு ஈரக் காற்று உள்ளே போய் உறைந்து, கட்டி வளர்ந்து இலையைத் தொடும். "டக் டக்" சத்தம் கேட்டால் அதுதான். கத்தியால் குத்தி எடுக்காதீர்கள், குழாய் ஓட்டையாகும். பிளக்கைக் கழற்றி, கதவைத் திறந்து, ஒரு நாள் முழுக்க இளக விடுங்கள். ரப்பரில் ஒரு ரூபாய்த் தாளை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். பிடிப்பில்லாமல் வந்தால் ரப்பரை மாற்ற வேண்டும்.

தூசி. விறகடுப்புப் புகையின் பசையும், கம்பளிப் பஞ்சும், தொழிற்சாலைக்குப் பக்கத்து வீடுகளில் தேயிலைத் தூசும் கண்டென்சர் தகடுகளுக்கு நடுவே கம்பளம் மாதிரிப் படியும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தகடுகளின் போக்கிலேயே மேலிருந்து கீழாகத் தட்டிவிடுங்கள். சுவருக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். பின்பக்கம் ஈரத்துணி உலர்த்த வேண்டாம்.

என்ன செய்தோம்?

மாமா வீட்டுக்குப் பழைய லேபிளில் இருந்த அதே வாட், அதே வோல்ட், 50 ஹெர்ட்ஸ், அதே சுற்றுத் திசை உள்ள மோட்டரும் அதே அளவு இலையும் வாங்கினோம். சுற்றுத் திசையைத் தண்டுப் பக்கம் இருந்து பார்க்கிறார்களா பின்பக்கம் இருந்தா என்று கடையில் கேட்டு வாங்க வேண்டும். இலையை மாட்டி, கூட்டில் உரசாமல் சுற்றுகிறதா என்று கையால் சுழற்றிப் பார்த்தோம். கண்டென்சரைத் துலக்கினோம். ஸ்டெபிலைசர் ஒன்று போட்டோம். தெர்மோஸ்டாட்டைக் கடைசிக் குளிரிலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்தோம். ஸ்டவுட் போத்தல்கள் சமையலறை மூலைக்குப் போய்விட்டன. அத்தை தேங்காய் எண்ணெய்ப் போத்தலை மாமாவின் கைக்கு எட்டாத தட்டுக்கு மாற்றினார். இப்போது விடியற்காலைக் குளிரிலும் கரண்ட் கொடுத்த உடனே ஃபேன் கிளம்புகிறது. டேப்பின் மேல் பார்த்தால் 50 டிகிரிக்குச் சற்று மேலே நிற்கிறது. அது சகஜம்.

புதுக் கூலர் வாங்குபவர்கள் இசி எனப்படும் எலக்ட்ரானிக் மோட்டர் உள்ள ஃபேன் கிடைக்குமா என்று கேளுங்கள். அதே காற்றுக்கு மூன்றில் ஒரு பங்கு கரண்ட் போதும். இழப்பு குறைவு, சூடும் குறைவு.

நீங்களே தொடக்கூடியதும் தொடக்கூடாததும்

பிளக்கைக் கழற்றிய பிறகு தூசி துடைப்பது, இலையை விரலால் சுற்றிப் பார்ப்பது, லேபிள் வாசிப்பது, ரப்பரைச் சோதிப்பது எல்லாம் வீட்டில் செய்யலாம். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது, பிளக்கைக் கழற்றுங்கள். வயரிங், கேஸ், கம்ப்ரஸர் பக்கம் கை வைக்க வேண்டாம். புதிய பிரிட்ஜ் பலவற்றில் இருப்பது ஆர்600ஏ என்ற ஐசோபியூட்டேன். அது எரியும் வாயு. லேபிளில் அந்தப் பெயரோ தீச்சுடர் அடையாளமோ இருந்தால், தெரிந்த மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டும்.

மெக்கானிக் அண்ணன்மாருக்கும் ஒரு வேண்டுகோள். மலையேறி ஒரு வீட்டுக்கு வந்து ஃபேன் மாற்றும்போது, போகும் முன் மீட்டரை வைத்து மாலை வோல்டேஜ் என்ன என்று பார்த்துச் சொல்லுங்கள். புஷ்ஷுக்கு என்ன எண்ணெய் விட்டார்கள் என்று கேளுங்கள். அந்த இரண்டு கேள்வி ஒரு குடும்பத்துக்கு ஒரு மோட்டரின் காசை மிச்சம் பிடிக்கும்.

லயத்தில் பிரிட்ஜ் வைத்திருப்பவர்களே, உங்களுக்குத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். நம் காம்பராக்கள் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கின்றன. ஒரு காம்பராவில் பற்றும் தீ ஒரு குடும்பத்தோடு நிற்பதில்லை, வரிசையையே எடுத்துவிடும். மெயின் போர்டில் ட்ரிப் சுவிட்ச் இருந்தால் மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். சுற்றாமல் நின்று சுடும் மோட்டருக்காக அது விழும் என்று மட்டும் நம்பியிருக்காதீர்கள். கரண்ட் கசிந்தால்தான் அது விழும், சூட்டுக்கு விழாது. பிரிட்ஜின் பின்னால் ஃபேன் சுற்றாமல் முனகும் சத்தம் கேட்டாலோ, கருகிய வாடை வந்தாலோ, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கப் போகாதீர்கள். அப்போதே பிளக்கைக் கழற்றுங்கள். உள்ளே இருப்பது கெட்டுப்போனால் போகட்டும், மறுபடி வாங்கிக்கொள்ளலாம்.